ப்ரொஃபசரின் பேப்பரில் குணமானவர்

1. முதல் நாள் வேலை

வேலையில் சேர்ந்த முதல் நாள் எனக்குக் கொடுக்கப்பட்ட முதல் வேலை, எங்கள் ப்ரொஃபசரை உலகத்தில் யார் யார் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று கம்ப்யூட்டரில் பார்த்துச் சொல்வது. நான் ரிஷிவந்தியம் பக்கத்து ஊர்க்காரி. ஸ்டாடிஸ்டிக்ஸ் படித்துவிட்டு, நெடுஞ்சாலையை ஒட்டி இருந்த ஒரு தனியார் மருத்துவக் கல்லூரியில், நியூரோசர்ஜரி துறையின் ரிசர்ச் கோ-ஆர்டினேட்டராகச் சேர்ந்தேன். மூளையைப் பற்றி அன்றைக்கே ஏதாவது கற்றுக்கொண்டு விடலாம் என்று புதுப்புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"எஸ்தர், போன வாரத்த விட ஏறியிருக்கா பாரு" என்றார் ப்ரொஃபசர்.

"எது சார்?"

"சைட்டேஷன்மா. நான் எழுதின பேப்பரை இன்னொருத்தர் தன் பேப்பர்ல எடுத்துச் சொன்னா அது ஒரு சைட்டேஷன்."

ஏறியிருந்தது. அவருக்கு டீ வந்தது, எனக்கும் வந்தது. ஏறாத வாரங்களில் யாருக்கும் டீ வராது என்பது போகப் போகத்தான் தெரிந்தது.

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிறவர்களுக்காகச் சொல்கிறேன். சைட்டேஷன் என்பது கல்யாண வீட்டு மொய் மாதிரி. நான் உனக்கு வைத்தால் நீ எனக்கு வைக்க வேண்டும். வைக்காமல் விட்டவன் முகம் சாகும்வரை மறக்காது. வடக்கே ஒரு டாக்டர் இதே விஷயத்தைப் பற்றி எழுதிவிட்டு எங்கள் ப்ரொஃபசர் பெயரைக் குறிப்பிடாமல் விட்டுவிட்டார். அடுத்த மாநாட்டில் சாப்பாட்டு வரிசையில் அந்த மனிதர் பின்னால் வந்து நின்றபோது ப்ரொஃபசர் தட்டை வைத்துவிட்டுப் பட்டினியாக ரூமுக்குப் போனார். அவ்வளவு ரோஷம்.

கேலி செய்கிறேனே தவிர, அவருடைய கை தங்கமான கை. உளுந்தூர்பேட்டை ரோட்டில் லாரியில் அடிபட்டு, பிழைக்காது என்று எல்லோரும் கைவிட்ட எத்தனையோ பேரை எழுப்பி உட்காரவைத்த கை. அந்தக் கையின் மேல் எனக்கு இன்றைக்கும் மரியாதைதான். பேனா பிடித்த நேரத்தில்தான் கொஞ்சம் தகராறு.

அவரைப் பெரிய ஆளாக்கிய பேப்பர் நான் சேருவதற்கு முன்பே வெளிவந்துவிட்டது. மண்டையில் பலத்த அடி பட்டு மூளை வீங்கினால், வீக்கத்துக்கு இடம் கொடுக்க மண்டை ஓட்டில் ஒரு பகுதியை வெட்டி எடுத்துவிடுவார்கள். எடுத்த எலும்பை நோயாளியின் வயிற்றுத் தோலுக்கு அடியிலேயே வைத்துத் தைத்துவிடுவார்கள். கெட்டுப் போகாமல் இருக்கும். வீக்கம் வடிந்து பல மாதம் கழித்து எடுத்து மறுபடி மண்டையில் பொருத்துவார்கள். அவ்வளவு நாள் காத்திருக்க வேண்டாம், சீக்கிரமே பொருத்திவிட்டால் நோயாளி ஒரு வருடத்துக்குள் பழையபடி வேலைக்குப் போய்விடுகிறார் என்று ப்ரொஃபசர் எழுதினார். தன்னிடம் ஆபரேஷன் செய்துகொண்டவர்களைப் போனில் விசாரித்து, அவர்கள் சொன்னதையே ஆதாரமாகக் காட்டினார். அது பாடப்புத்தகத்தில் ஏறியது. பி.ஜி. படிக்கிற பிள்ளைகள் பரீட்சைக்கு மனப்பாடம் செய்தார்கள். எங்கள் துறையில் அதற்கு 'லேண்ட்மார்க் பேப்பர்' என்று பெயர். அந்தப் பெயரை வைத்தவரும் ப்ரொஃபசர்தான்.

2. ராமாயி கேட்ட சீட்டு

நான் சேர்ந்து சில வருடம் ஆன பிறகு ஒரு ஓ.பி. நாளில், கல்வராயன் மலையிலிருந்து ராமாயி என்ற பெண் தன் கணவர் தீர்த்தனைக் கூட்டிக்கொண்டு வந்தாள். தீர்த்தன் மரவள்ளிக்கிழங்கு லோடு ஏற்றிய பிக்கப் வண்டியின் மேல் உட்கார்ந்து வந்து, மலைப்பாதை வளைவில் தூக்கி எறியப்பட்டவர். ப்ரொஃபசர்தான் ஆபரேஷன் செய்தார். லேண்ட்மார்க் பேப்பரில் குணமானவர்கள் கணக்கில் அவரும் ஒருவர்.

தீர்த்தன் தலையைப் படிய வாரிக்கொண்டு, சட்டைப் பித்தானெல்லாம் போட்டுக்கொண்டு, புதுமாப்பிள்ளை போல அமைதியாக ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"எப்படிம்மா இருக்காரு?" என்று ப்ரொஃபசர் கேட்டார்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்காரு சாமி" என்றாள் ராமாயி.

"வேலைக்குப் போறாரா?"

"போறாரு சாமி."

ப்ரொஃபசர் சுற்றி நின்ற பி.ஜி. மாணவர்களை ஒரு பார்வை பார்த்தார். பார்த்துக்கோங்கடா என்று அர்த்தம்.

"அப்புறம் என்னம்மா பிரச்சனை?"

"ஊனமுற்றோர் சீட்டு வேணும் சாமி."

மாணவர்களில் ஒருவன் களுக்கென்று சிரித்துவிட்டான். ப்ரொஃபசருக்கும் சிரிப்புத்தான். "நல்லா இருக்கறவருக்கு எதுக்கும்மா ஊனமுற்றோர் சீட்டு?"

ராமாயி தலையைக் குனிந்துகொண்டாள். "கேம்புல போய்க் கேட்டோம் சாமி. நீங்க எழுதின பொஸ்தகத்துல இவுருக்கு சரியாப்பூடும்னு போட்டுக்குதாம். அதனால தரமாட்டோம்னுட்டாங்க."

மாற்றுத்திறனாளி சான்றிதழுக்கு ஒருவர் தகுதியா என்று முகாமில் உட்கார்ந்து தீர்மானிக்கிற டாக்டர்கள் குழு ஒன்று உண்டு. நாங்கள் போர்டு என்போம். அந்த போர்டைத்தான் சொன்னாள். ப்ரொஃபசரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பல்பு போட்டது போல ஆகிவிட்டது.

"கேட்டியா எஸ்தர்? கள்ளக்குறிச்சி கேம்ப்ல கூட நம்ம பேப்பரைப் படிக்கறாங்க!"

ராமாயியிடம், கேம்ப் டாக்டர் சொன்னது சரிதான், கவலைப்படாமல் போய் வா என்று சொல்லி அனுப்பினார். அன்றைக்கு டீயோடு சமோசாவும் வந்தது. எனக்கு மனதில் என்னவோ உறுத்தியது என்று எழுத ஆசைதான். அப்படி ஒன்றும் உறுத்தவில்லை. சமோசா சூடாக இருந்தது.

3. வீடியோ எடுக்கப் போன இடம்

அடுத்ததாக, ப்ரொஃபசருக்கு ஒரு விருது அறிவித்தார்கள். லேண்ட்மார்க் பேப்பருக்காகத்தான். விருது வாங்குகிறவர் மேடையில் ஒரு மணி நேரம் பேச வேண்டும். வெறும் கிராஃப் காட்டினால் ஜனம் தூங்கிவிடும் என்று ப்ரொஃபசருக்குத் தெரியும். குணமான நோயாளி ஒருவர் வயலில் வேலை செய்வதை வீடியோவாகக் காட்டினால் அரங்கமே எழுந்து நிற்கும் என்று கணக்குப் போட்டார்.

"அந்த மலைக்காரர் இருக்காரே, தீர்த்தன். பின்னாடி மலை, பக்கத்துல மரவள்ளி, கையில மண்வெட்டி. எப்படி இருக்கும் சொல்லு!"

கல்யாண வீடியோ எடுக்கிற ஒருவரைக் கள்ளக்குறிச்சியில் ஏற்றிக்கொண்டு, கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறினோம். வளைவுக்கு வளைவு ப்ரொஃபசர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி, இந்த வளைவா, அந்த வளைவா என்று தீர்த்தன் விழுந்த இடத்தைத் தேடிக்கொண்டு வந்தார். வெள்ளிமலை கடந்து, கார் போகாத இடத்தில் இறங்கி நடந்தோம். அந்த வாரம் மலையில் சிக்னல் இல்லாததால் முன்கூட்டிச் சொல்லவும் முடியவில்லை.

தீர்த்தன் வீட்டுக் கதவு வெளியே பூட்டியிருந்தது. எங்களைப் பார்த்துவிட்டு, கீழே யாருடைய கொல்லையிலோ களை எடுத்துக்கொண்டிருந்த ராமாயி மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"எப்படிம்மா இருக்காரு?" என்றார் ப்ரொஃபசர், பழக்கதோஷத்தில்.

"உங்க புண்ணியத்துல நல்லா இருக்காரு சாமி."

"எங்க, வேலைக்குப் போயிருக்காரா?"

"இல்ல சாமி. உள்ளதான் இருக்காரு."

எனக்குப் பொறுக்கவில்லை. "உள்ள இருக்காரா? பூட்டு தொங்குதேம்மா!"

ராமாயி ப்ரொஃபசரை ஒரு தரம் பார்த்தாள். பிறகு என் பக்கம் திரும்பிக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "தொறந்து வெச்சா எங்கனா போய்க்கினே இருப்பாருக்கா. மழ பேஞ்சப்ப ஓடையாண்ட போய் உக்காந்துனு இருந்தாரு. தண்ணி இடுப்பு வரைக்கும் ஏறிட்ச்சி. எழுந்துக்கணும்னு அவருக்குத் தோணல."

பூட்டைத் திறந்தாள். தீர்த்தன் பாயில் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்து அழகாகக் கும்பிட்டார். ப்ரொஃபசர் பெயர் கேட்டார், ஊர் கேட்டார், காலையில் என்ன சாப்பிட்டார் என்று கேட்டார். எல்லாவற்றுக்கும் சரியான பதில். கையைத் தூக்கச் சொன்னார், காலை நீட்டச் சொன்னார். குறை இல்லை. ப்ரொஃபசருக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"சரி, வெளிய வந்து மண்வெட்டிய எடுங்க. ஒரு சின்ன வீடியோ எடுத்துக்கலாம்."

"சரிங்க" என்றார் தீர்த்தன். எழுந்திருக்கவில்லை.

காத்திருந்தோம். "வாங்க தீர்த்தன்" என்றார் ப்ரொஃபசர்.

"சரிங்க."

வீடியோக்காரர் வெளியிலிருந்து, "சார், வெளிச்சம் நல்லா இருக்கு, மாப்பிள்ளைய வரச் சொல்லுங்க" என்று குரல் கொடுத்தார்.

"இதோ வராரு. வாங்க, எழுந்திருங்க."

"சரிங்க" என்றார் தீர்த்தன். சிரித்த முகத்தோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

மூளையின் முன்பகுதி அடிபட்டால் இப்படி ஆகும். கையும் காலும் பேச்சும் ஒழுங்காக இருக்கும். ஒரு காரியத்தை எப்படிச் செய்வது என்று தெரியும். ஆனால் செய்யத் தொடங்கு என்று உள்ளே இருந்து உத்தரவு வராது. யாரும் ப்ரொஃபசருக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. வருடா வருடம் வகுப்பெடுத்தவர் அவர்தான். விலை உயர்ந்த பேன்ட்டைப் பற்றி யோசிக்காமல் மண் தரையில் தீர்த்தன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏம்மா, போன்ல கேட்டப்பவும் வேலைக்குப் போறாருன்னுதானே சொன்னே? ஓ.பி.லயும் அப்படித்தானே சொன்னே?"

ராமாயி முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். "உசுரு குடுத்த சாமி நீங்க. உங்ககிட்டயே வந்து அது நொட்ட இது நொள்ளன்னு சொல்லுவாங்களா? நீங்க இன்னா நெனச்சிப்பீங்க?"

"கேம்ப் டாக்டர்கிட்ட மட்டும் சொன்னியா?"

"அவரு இன்னா எங்களுக்கு உசுரா குடுத்தாரு? அவருகிட்ட எல்லாத்தையும்தான் சொன்னேன். அவரு நம்பல. உங்க பொஸ்தகத்த நம்பிட்டாரு."

அதற்குப் பிறகு அவள் பேச்சை நிறுத்தவே இல்லை. கேரளாவுக்கு மிளகு பறிக்க மேஸ்திரி ஆள் சேர்க்கிறாராம். ஊரில் முக்கால்வாசி பேர் போகிறார்களாம். "மக ஹாஸ்டல்ல படிச்சிக்கினு கீறா. எனக்கு இங்க நெதம் வேல கெடைக்காது. சீட்டு இருந்தா மாசத்துக்கு ஏதோ கொஞ்சம் வரும், அத வெச்சிக்கினு நான் இவராண்டையே இருந்துப்பேன். இல்லாங்காட்டி இவர உள்ள வெச்சிப் பூட்டிட்டு, சன்னல் வழியா கஞ்சி குடுக்கச் சொல்லி பக்கத்து வூட்ல சொல்லிட்டுப் போவணும். ஆடு மாட்ட கூட அப்படி வுட்டுட்டுப் போவமாட்டாங்க சாமி."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. வீடியோக்காரர் தலையை நீட்டி, "சார், இதையும் எடுக்கட்டுமா?" என்று கேட்டார்.

"மூடுப்பா அதை" என்றார் ப்ரொஃபசர்.

இறங்கும்போது அவர் வளைவு எதையும் எட்டிப் பார்க்கவில்லை. கச்சிராயபாளையம் வந்ததும் கேட்டார்.

"எஸ்தர், அந்தப் பேப்பர்ல இருக்கற எல்லாருக்கும் போன் பண்ணிக் கேட்டது நம்ம பி.ஜி. பசங்கதானே?"

"ஆமா சார். பேப்பர்லயே அப்படித்தான் போட்டிருக்கு."

"போனை எடுத்ததும் 'ஆபரேஷன் பண்ண பெரிய டாக்டர் விசாரிக்கச் சொன்னாரு'ன்னு சொல்லச் சொல்லி நான்தான் கத்துக் கொடுத்தேன். மரியாதையா இருக்கட்டுமேன்னு."

கிழிஞ்சது போ என்று நினைத்துக்கொண்டேன். திருக்கோவிலூரிலிருந்து கல்வராயன் மலை வரை எங்கள் ஜனங்கள் உயிர் கொடுத்தவரிடம் குறை சொல்ல மாட்டார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டவரிடம் சாப்பாடு எப்படி என்று கேட்டால் உப்பில்லை என்பாரா? அப்படித்தான். அந்த மரியாதையை எல்லாம் கூட்டி, சராசரி எடுத்து, கிராஃப் போட்டு, உலகத்துக்கு அனுப்பியிருந்தோம்.

4. சாமியானாவின் கீழ்

ப்ரொஃபசர் போர்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். பதில் இல்லை. இன்னொன்று எழுதினார். கடைசியில், அடுத்த முகாம் நாளில் ராமாயியையும் தீர்த்தனையும் வரச் சொல்லிவிட்டு அவரே கிளம்பிவிட்டார். நானும் போனேன். கோட்டு கிடையாது, டை கிடையாது. சாமியானாவுக்கு அடியில் பிளாஸ்டிக் நாற்காலியில், அவர்களோடு வரிசையில் உட்கார்ந்திருந்தார். பின்னால் இருந்த ஒருவர் அவரைப் பார்த்து, "ஐயாவுக்கு கண்ணா, காதா?" என்று விசாரித்தார்.

எங்கள் முறை வந்தது. போர்டு டாக்டர் இளவயதுக்காரர், கண்ணியமானவர். தீர்த்தனை நடக்கச் சொல்லிப் பார்த்தார். பக்கத்து மேஜையில் இருந்த மனநல டெஸ்டில் கேட்ட கேள்விக்கெல்லாம் தீர்த்தன் ஒழுங்காகப் பதில் சொல்லி நல்ல மார்க் வாங்கியிருந்தார்.

"கை கால் நல்லா இருக்கு, பேச்சு நல்லா இருக்கு. எலும்பையும் சீக்கிரமே திரும்பப் பொருத்தியிருக்காங்க. இந்த மாதிரி கேஸ் எல்லாம் ஒரு வருஷத்துல வேலைக்குத் திரும்பிடுவாங்க ஐயா. இதப் பத்தி லேண்ட்மார்க் பேப்பரே இருக்கு" என்றார் டாக்டர், ப்ரொஃபசரைப் பார்த்து. நோயாளியின் சொந்தக்காரர் என்று நினைத்துவிட்டார்.

"அந்தப் பேப்பரை எழுதினவன் நான்தான் தம்பி."

டாக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "சார்! நீங்களா சார்! உங்க பேப்பரை எழுதித்தான் சார் நான் பாஸ் பண்ணேன். ஒரு போட்டோ எடுத்துக்கலாமா சார்?"

எடுத்துக்கொண்டார்கள். ப்ரொஃபசர் சிரிக்கவும் செய்தார், பழக்கம் போகுமா? பிறகு விஷயத்துக்கு வந்தார். பேப்பர் தவறு, இவர் குணமாகவில்லை, நான் என் கண்ணால் பார்த்தேன் என்றார்.

டாக்டர் தர்மசங்கடத்தில் நெளிந்தார். "சார், இவர் அந்தப் பேப்பர்லயே இருக்காரா?"

"இருக்காரு."

"குணமானவங்க லிஸ்ட்லயா?"

"ஆமா."

"அப்ப நான் எப்படி சார் எழுதறது? நாளைக்கு ஆடிட்ல கேட்டா? நீங்க இப்ப வாயால சொல்றது எக்ஸ்பர்ட் ஒப்பீனியன். ஆதாரத்துலயே கடைசிப் படி அதுதான்னு நீங்கதான் சார் ஒரு மாநாட்டுல பாடம் எடுத்தீங்க. நான் நோட்ஸ் எழுதியிருக்கேன். பப்ளிஷ் ஆன பேப்பருக்கு எதிரா பப்ளிஷ் ஆன பேப்பர் கொண்டாங்க சார், அன்னைக்கே கையெழுத்துப் போடறேன்."

ராமாயிக்குப் பாதிதான் புரிந்தது. "இன்னா சொல்றாருக்கா? சாமி சொன்னாக்கூட கேக்கமாட்டாராமா?" என்று என்னைக் கேட்டாள். நான் என்னத்தைச் சொல்ல? சாமி முன்பு சொன்னதைத்தான் கேட்பாராம் என்றேன். மேஸ்திரியிடம் தை மாதம் வரை தவணை கேட்டுப் பார்ப்பதாகச் சொல்லிவிட்டு, தீர்த்தனின் கையைப் பிடித்துக்கொண்டு அவள் பஸ் ஏறினாள்.

5. ரிவ்யூயர் சொன்னது

அதன் பிறகு ப்ரொஃபசர் செய்ததை நான் குறைத்துச் சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். எங்கள் துறைக்குச் சம்பந்தமில்லாத சமூகப்பணிப் பெண்கள் சிலரை ஏற்பாடு செய்து, பழைய நோயாளிகளில் கண்டுபிடிக்க முடிந்தவர்கள் வீட்டுக்கெல்லாம் அனுப்பினார். வாசலிலேயே, "நாங்க ஆபரேஷன் பண்ணவங்க இல்ல, நீங்க இன்னா சொன்னாலும் யாரும் கோச்சிக்கமாட்டாங்க" என்று சொல்லிவிட வேண்டும். நல்லா இருக்காரா என்று கேட்கக் கூடாது. நேற்று காலையிலிருந்து ராத்திரி வரை என்ன செய்தார் என்று மட்டும்தான் கேட்க வேண்டும்.

மடை திறந்த மாதிரி வந்தது. நிஜமாகவே குணமாகி வேலைக்குப் போகிறவர்கள் இருந்தார்கள், அதை மறைக்கவில்லை. ஆனால் கடையைத் திறந்து வைத்துவிட்டு வியாபாரம் செய்யத் தெரியாமல் உட்கார்ந்திருந்தவர் இருந்தார். பெற்ற பிள்ளையை அடிக்கக் கை ஓங்குகிறவர் இருந்தார். எல்லாருமே லேண்ட்மார்க் பேப்பரில் குணமானவர்கள்.

இதற்கு நடுவில் விருது விழா வந்தது. ப்ரொஃபசர் மேடை ஏறி, இந்த விருதுக்கு நான் தகுதியானவன் இல்லை, பேப்பரில் பெரிய தவறு இருக்கிறது என்று பேசினார். அடடா, என்ன தன்னடக்கம் என்று கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. சால்வையும் கேடயமும் கொடுத்துத்தான் அனுப்பினார்கள்.

புதுப் பேப்பரை எழுதி, பழையது வந்த அதே பத்திரிகைக்கு அனுப்பினோம். இந்தத் தொழிலில் பேப்பரைப் படித்துப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிறவரை ரிவ்யூயர் என்பார்கள். எழுதியது யார் என்று அவருக்கும் தெரியாது, படித்தது யார் என்று நமக்கும் தெரியாது. தீர்ப்பு வந்தது. நிராகரிப்பு. காரணம் என்ன தெரியுமா? 'இந்தத் துறையின் முன்னோடிக் கட்டுரையின் முடிவுகளுக்கு இது முரணாக உள்ளது. ஆசிரியர் அந்தக் கட்டுரையை இன்னொரு முறை கவனமாகப் படித்துவிட்டு வருவது நல்லது.'

நான் வாசித்துக் காட்டினேன். ப்ரொஃபசர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். சிரித்தார். கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார்.

"எவ்வளவு உறுதியா கட்டியிருக்கேன் பாரு எஸ்தர். என்னாலயே இடிக்க முடியல."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டார். "தை மாசத்துக்கு எவ்வளவு நாள் இருக்கு?"

மறுபடி எழுதினார். இந்த முறை பெயரை மறைக்கவில்லை. பழைய பேப்பரை எழுதியவன் நான், கேட்ட முறை தவறு, கேட்கக் கூடாத ஆள் கேட்டிருக்கிறேன் என்று பத்திரிகை ஆசிரியருக்கு நேரடியாக எழுதி, போன் மேல் போன் போட்டு, அந்த வடக்கத்தி டாக்டரைக்கூடச் சிபாரிசுக்குக் கூப்பிட்டார். சாப்பாட்டு வரிசையில் இவர் முகம் கொடுக்காமல் போன அந்த மனிதரேதான். அவர் ஒரு வார்த்தை மறுப்புச் சொல்லாமல் உதவினார். தன் பேப்பரில் இவர் பெயரை ஏன் விட்டேன் என்ற காரணத்தையும் அன்றைக்குத்தான் சொன்னார். அவர் ஊரிலும் கேட்டால் எல்லாரும் நல்லா இருக்கிறேன் என்றுதான் சொன்னார்களாம். அதை அவர் நம்பவில்லையாம்.

திருத்தம் வெளிவந்தது. பக்கத்தின் மூலையில், படிக்கக் கண்ணாடி வேண்டும்.

அன்றிலிருந்து நான் ஓய்வு பெறும்வரை, திங்கட்கிழமை தவறாமல் பார்த்தேன். லேண்ட்மார்க் பேப்பரின் சைட்டேஷன் ஏறிக்கொண்டேதான் இருந்தது. திருத்தத்தைச் சீண்ட ஆளில்லை. ப்ரொஃபசர் ஏறியிருக்கா என்று கேட்பதை விட்டுவிட்டார். டீ மட்டும் எல்லா வாரமும் வந்தது.

6. ராமாயி வைத்த கோரிக்கை

திருத்தத்தின் நகலை எடுத்துக்கொண்டு அடுத்த முகாமுக்குப் போனோம். பொங்கல் நெருங்கிவிட்டது. மேஸ்திரியின் வண்டி அந்த வாரக் கடைசியில் வெள்ளிமலைக்கு வருவதாக ராமாயி சொன்னாள். துணிமூட்டை கட்டித் தயாராக வைத்திருந்தாளாம். பக்கத்து வீட்டில் கஞ்சிக்குச் சொல்லியும் வைத்துவிட்டாளாம்.

போர்டு டாக்டர் நகலை முழுவதும் படித்தார். இரண்டாம் முறையும் படித்தார். பக்கத்தில் இருந்த டாக்டரிடம் காட்டினார். இன்னொரு ரிவ்யூயராக மாறிவிடுவாரோ என்று எனக்குப் பயம். அவர் பேனாவை எடுத்தார். "சார், நீங்க பப்ளிஷ் பண்ணிட்டீங்க, நான் கையெழுத்துப் போட்டுட்டேன்" என்றார். சொன்ன சொல் தவறாத பிள்ளை.

சான்றிதழை ராமாயி இரண்டு கையாலும் வாங்கினாள். படிக்கத் தெரியாது, ஆனாலும் மேலிருந்து கீழ் வரை பார்த்தாள். அதில் ஒட்டியிருந்த தீர்த்தனின் போட்டோவைத் தீர்த்தனுக்கே காட்டினாள். "சரிங்க" என்றார் அவர். அவள் வாய்விட்டு அழுதுவிட்டாள். நானும் அழுதேன், எதற்கு மறைக்க வேண்டும்? "மேஸ்திரிகிட்ட வரலன்னு சொல்லிடுவேங்கா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

வெளியே வந்ததும், ப்ரொஃபசர் காலில் விழப் போனாள். அவர் துள்ளி விலகிவிட்டார். "வேணாம்மா. இந்த மரியாதையாலதான் இவ்வளவும் வந்துச்சு. வேற எதுனா வேணும்னா கேளு."

ராமாயி தயங்கினாள். "ஒண்ணு கேக்கலாமா சாமி? கோச்சிக்கக் கூடாது."

"கேளும்மா."

"இனிமே நீங்க எழுதற பொஸ்தகத்துல எங்க வூட்டுக்காரர சேக்காதீங்க சாமி. ஒருவாட்டி சேத்ததுக்கே இம்மாம் அலைச்சல்."

உலகம் பூராவும் மேற்கோள் காட்டப்பட்ட மனிதர், வெயிலில் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். "இந்தத் திருத்தத்துலயும் சேத்துட்டேனேம்மா."

"அது போவட்டும். இதோட வுட்ருங்க."

"சரிம்மா. சத்தியமா சேக்கமாட்டேன்."

இந்த வேலைக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடிய பாடம் இரண்டு. ஒன்று, ஆபரேஷன் செய்தவர் எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டு அந்தப் பதிலை நம்பக் கூடாது. அதைப் புத்தகத்திலும் போட்டிருக்கிறார்கள், படித்துக்கொள்ளலாம். இரண்டாவது புத்தகத்தில் இல்லை. நோயாளி ஆராய்ச்சியிலிருந்து எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், அது அவருடைய உரிமை என்று நாம் எல்லோரிடமும் சொல்லித்தான் கைநாட்டு வாங்குகிறோம். நான் வேலை பார்த்த காலம் முழுவதும் அந்த உரிமையைக் கேட்டு வாங்கிய ஒரே ஆள் ராமாயிதான். அதைக்கூட அந்தப் பெண் ஒரு உதவி கேட்கிற மாதிரி, கோபித்துக்கொள்ளக் கூடாது என்று சொல்லித்தான் கேட்டாள்.